கொல்லச்சி தொட்டித் தண்ணீர்

கும்பினிப் படை தூங்ரி கோட்டைமேல் முதல் தடவை ஏறி வந்தபோது ரூப்சரி சட்டியில் சோளம் வறுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை வந்தபோது சட்டியை அப்படியே போட்டுவிட்டு மதிலுக்கு ஓடினாள். ஓடாமல் என்ன செய்வாள்? முதல் தடவை ஓடாததற்கு சுபேதார் வீட்டம்மா தன்சரா, "ஏ கொல்லச்சி, சோளம் கருகிடும்னு பயமா, இல்ல நீ கருகிடுவேன்னு பயமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருந்தாள்.

அன்று மதில்மேலிருந்து பார்த்ததை அவள் சாகும்வரை மறக்கவில்லை. சால் மரக் காட்டுக்குள்ளிருந்து சிவப்புச் சட்டைக்காரர்கள் வரிசை வரிசையாக வெளியே வந்தார்கள். முரசு அடித்துக்கொண்டு வந்தார்கள். சாகப் போகிறவன் முரசு அடித்துக்கொண்டா வருவான்? முன்வரிசை விழுந்தது. பின்வரிசை விழுந்தவர்களைத் தாண்டி, தோளில் இருந்த ஏணியை இறக்காமல், அதே தாளத்தில் ஏறியது. ரூப்சரிக்குக் கோபம் வரவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற ஒருத்தி முழங்கையால் இடித்த பிறகுதான் கையில் கல் இருப்பது நினைவுக்கு வந்தது.

கோட்டை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மலை முதுகில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கல் மதில், அதற்கு வெளியே கூர் சீவி நட்ட மரக்கட்டைகள், உள்ளே தகரம்போல் காய்ந்த தரை, நாலைந்து கொட்டகை. கோர்க்கா ராஜாவின் சிப்பாய்களும் அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளும் அதற்குள் இருந்தார்கள். கீழே பள்ளத்தாக்கு முழுக்கக் கும்பினியின் கூடாரம். பார்க்கிற எவனும் அரை நாளில் முடிந்துவிடும் என்றுதான் சொல்வான். கும்பினித் துரையும் அப்படித்தான் சொல்லியிருப்பார். இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவையும் பிணங்களை விட்டுவிட்டு இறங்கிப் போனார்கள்.

அப்புறம் அவர்களுக்குப் புத்தி வந்தது. கோட்டைக்குள் கிணறு இல்லை, தண்ணீர் கீழே சரிவில் இருக்கும் சுனையிலிருந்து வருகிறது என்று யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். சுனையைச் சுற்றிக் காவல் போட்டார்கள். குடத்தோடு இறங்கிய பெண்கள் திரும்பி வரவில்லை. மறுநாள் பீரங்கிக் குண்டு ஒன்று தண்ணீர்க் கொட்டகைமேல் விழுந்தது. வரிசையாக அடுக்கி வைத்திருந்த அத்தனை குடமும் ஒரே சத்தத்தில் போயின. பெண்கள் ஈர மண்ணை வாரி முந்தானையில் கட்டிப் பிழிந்தார்கள். சொட்டுச் சொட்டாக விழுந்ததைப் பிள்ளைகள் வாயில் விட்டார்கள். அவ்வளவுதான், கோட்டையில் தண்ணீர் இல்லை.

இருந்தது. ரூப்சரியிடம் இருந்தது.

அவள் புருஷன் கர்ணே கோட்டையின் கொல்லன். அந்த மலையில் கொல்லன் அடித்த குக்ரி என்ற வளைகத்தி இடுப்பில் இல்லாமல் எவனும் வாசல் தாண்ட மாட்டான். அதே கொல்லன் தொட்ட தண்ணீரை எவனும் வாயில் வைக்க மாட்டான். அதனால் தண்ணீர்க் கொட்டகைப் பக்கமே அவர்கள் வரக்கூடாது. ஆட்டுப் பட்டிக்குப் பின்னால், பெரிய பாறை மறைவில், உலை இருக்கும் இடத்திலேயே தனியாக ஒரு கல்தொட்டி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். குண்டு வந்து விழுந்த நாளில் அந்தப் பாறை தொட்டியைக் காப்பாற்றிவிட்டது. எட்டி நில் என்று அவர்கள் ஒதுக்கி வைத்த தண்ணீர்தான் கடைசியில் மிஞ்சியது. இந்த வேடிக்கையைச் சொல்லிச் சிரிக்கவும் அவளுக்கு ஆள் இல்லை.

"தொட்டியப் பத்தி மூச்சு விடாத," என்றான் கர்ணே. "சொன்னா குடிக்கவும் மாட்டாங்க. சொன்னதுக்கு வையவும் செய்வாங்க."

"குடிக்கலைன்னா செத்துப் போவாங்கய்யா."

"அது அவங்க பாடு."

"அவங்க பாடா? மதில் இடிஞ்ச இடத்துல நீ யாரு பக்கத்துல நிக்குற? உனக்கு வலப்பக்கம் நிக்கிறவன் மயங்கி விழுந்தா, இடப்பக்கம் நிக்கிறவன் மயங்கி விழுந்தா, நீ ஒத்த ஆளா சம்மட்டியத் தூக்கிட்டு நிப்பியா?"

பீரங்கி தின்று தின்று மதிலின் வடபுறம் ஓர் உடைப்பு விழுந்திருந்தது. ஆள் போதவில்லை என்று கொல்லனையும் அங்கே நிறுத்தியிருந்தார்கள். சாகும்போது மட்டும் சாதி பார்ப்பதில்லை. ரூப்சரிக்கு அந்த உடைப்பைத் தவிர வேறு கவலை இல்லை. அடுத்த தடவை சிவப்புச் சட்டைகள் அந்த வழியாகத்தான் வருவார்கள். அப்போது அங்கே நிற்கிறவர்கள் காலூன்றி நிற்க வேண்டும். நின்றால் கர்ணே பிழைப்பான்.

அவன் தினமும் வந்து இரண்டு கை அள்ளிக் குடித்துவிட்டு, உதட்டில் உலைச் சாம்பலைப் பூசிக்கொண்டு திரும்பிப் போனான். ஈர உதட்டோடு போய் அவர்கள் நடுவில் நிற்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் கீழேயிருந்து வெள்ளைத் துணி ஒன்று மேலே ஏறி வந்தது. கும்பினியின் சிப்பாய் ஒருத்தன், சமவெளி ஆள், பெரிய பித்தளைக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். உடைப்புக்கு எதிரே நின்று குடத்தைச் சாய்த்தான். தண்ணீர் கல்லில் விழுந்து ஓடியது. மதிலுக்குப் பின்னால் இருந்த அத்தனை தொண்டையும் ஒரு தடவை ஏறி இறங்கியது.

"துரை சொல்லி அனுப்பிச்சார்," என்று கத்தினான். "நீங்க ஆம்பளைங்கதான், நாங்க பாத்துட்டோம். போதும். ஆயுதத்தப் போட்டுட்டு இறங்கி வாங்க. சுனை முழுக்க உங்களுக்குத்தான்."

சுபேதார் ரணசூர் மதில்மேல் ஏறி நின்றார். கழுத்தில் கட்டுப் போட்ட காயம். நாக்கு தடித்துப் பேச்சே குழறியது. ஆனால் வாய்த்துடுக்கு மட்டும் காயவில்லை.

"குடத்துல தண்ணி மொண்டது யாருப்பா?"

"நான்தான்."

"நீ என்ன சாதி?"

கீழே நின்றவன் திகைத்தான். "எதுக்குக் கேக்குறீங்க?"

"சாதி தெரியாத கைத் தண்ணி எங்களுக்கு ஆகாது. போய் உன் துரைகிட்ட சொல்லு. அவரு மொண்டு குடுத்தாலும் ஆகாது. பூனைக்கண்ணன் என்ன சாதின்னு எங்க புரோகிதருக்கே தெரியாது."

வெடித்த உதடுகளோடு கோட்டையே சிரித்தது. சிரித்தால் உதட்டில் ரத்தம் வரும் என்று தெரிந்தே சிரித்தார்கள். சாவு வாசலில் நின்று குடத்தைக் கவிழ்த்துக்காட்டுகிறது, இந்த மனுஷன் அதனிடம் சாதி விசாரிக்கிறான். ரூப்சரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்படிப்பட்டவர்களைச் சாகவிட்டுவிட்டுத் தொட்டியைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று வெட்கமும் வந்தது. அந்த இரண்டும் சேர்ந்துதான் அவளை உந்தித் தள்ளியிருக்க வேண்டும். வெள்ளைத் துணி இறங்கிப் போனதும் அவள் உடைப்புக்கு முன்னால் போய் நின்றாள்.

"என் சாதி உங்களுக்குத் தெரியும், சுபேதார் சாப்," என்றாள். "என்கிட்ட தண்ணி இருக்கு."

சிரிப்பு நின்றது. கர்ணே தலையைக் குனிந்துகொண்டான்.

முதலில் பேசியவர் ஜமாதார் பஹால் சிங். சுபேதாருக்கு அடுத்த ஆள். ஒல்லி, வயசாளி, தொடையில் குண்டு பட்டும் உடைப்பை விட்டு நகராதவர். கோட்டைக்குள் அவர் நிழல்மேல் ரூப்சரியின் நிழல் விழாமல் அவள் பார்த்து நடக்க வேண்டும். அவ்வளவு ஆசாரம்.

"தள்ளிப் போ," என்றார். "தாகத்துல செத்தா ஒரு தடவதான் சாவு. அந்தத் தண்ணியக் குடிச்சா ஏழு தலைமுறை சாகும்."

ரூப்சரி தள்ளிப் போகவில்லை. வந்தாயிற்று, இனித் திரும்பி என்ன ஆகப்போகிறது?

"உங்க இடுப்புல இருக்கிற குக்ரி யாரு அடிச்சது, ஜமாதார் சாப்? பழுக்கக் காய்ச்சி, அதோட வாய்ல இந்தத் தொட்டித் தண்ணிய ஊத்தித்தான் என் வீட்டாளு அதுக்குக் கூர் ஏத்துனாரு. இங்க இருக்கிற ஒவ்வொரு குக்ரியும் இந்தத் தண்ணியக் குடிச்சதுதான். தசைன் பண்டிகைக்கு அதைப் பட்டுல வெச்சு, பொட்டு வெச்சு, விழுந்து கும்பிடுறீங்க. குக்ரிக்குப் போகாத ஆசாரமா உங்களுக்குப் போயிடும்?"

வேறு நாளாக இருந்தால் இந்தப் பேச்சுக்கு முதுகுத் தோலை உரித்திருப்பார்கள். சுபேதார் ரணசூர் குக்ரியை உறையிலிருந்து உருவினார். வெட்டப் போகிறார் என்றே ரூப்சரி நினைத்தாள். அவர் அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தாரோ தெரியாது. பிறகு நொண்டிக்கொண்டே ஆட்டுப் பட்டியைத் தாண்டி, பாறைக்குப் பின்னால் நடந்தார். எல்லாரும் பின்னாலேயே போனார்கள்.

தொட்டியில் தண்ணீர் கறுப்பாக இருந்தது. மேலே சாம்பல், அடியில் இரும்புச் செதில். சுபேதார் குனிந்து இரண்டு கையாலும் அள்ளினார். குடித்தார். மறுபடி அள்ளினார்.

"தூ. ஆணிய வேகவெச்சு வடிச்ச மாதிரி இருக்கு," என்றார். "ஏ கொல்லச்சி, இதைக் குடிச்சுட்டுத்தானா உன் புருஷன் இத்தன நாளா எங்க முன்னாடி சாம்பலப் பூசிட்டு நடிச்சான்?"

"ஆமா சாப்."

"நானா இருந்தா சும்மா செத்துருப்பேன்."

அவ்வளவுதான். அணை உடைந்தது. சிப்பாய்கள் குடித்தார்கள். தன்சரா குடித்தாள். பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ஆளுக்கு இரண்டு கைக்கு மேல் கிடையாது என்று சுபேதார் பக்கத்திலேயே நின்றார். ரூப்சரி கடைசியாக நின்றவள். குடிக்கப் போனபோது தன் பங்கான இரண்டு கைத் தண்ணீரையும் ஒரு காயம்பட்டவனுக்கு விட்டுக்கொடுத்தாள்.

பஹால் சிங் மட்டும் பாறைக்குப் பின்னால் வரவில்லை. கோட்டையே காலியாகிவிட்ட அந்த நேரத்தில் அவர் ஒருத்தர்தான் உடைப்பில் நின்று காவல் பார்த்தார். ரூப்சரி ஒரு மரக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய் அவருக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தாள். அவர் அதைப் பார்க்கவும் இல்லை, தட்டிவிடவும் இல்லை. வெயிலில் அது வற்றிப்போனது. அவளுக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இப்படியும் ஒரு பிடிவாதம் மனுஷனுக்கு இருக்குமா என்று மலைப்பாகவும் இருந்தது.

மறுநாள் விடிந்து வெயில் ஏறியபோது மூன்றாம் தடவை வந்தார்கள். முதலில் எல்லாப் பீரங்கியும் ஒன்றாகப் பேசின. மலையே காலடியில் உதறியது. மேலிருந்து கல்லும் மண்ணும் மழையாகக் கொட்ட, பெண்கள் பிள்ளைகளின் மேல் கவிழ்ந்து படுத்தார்கள். சத்தம் நின்றது. அந்த அமைதிக்குள் மறுபடி அதே முரசு. ரூப்சரி எழுந்து புழுதிக்குள் பார்த்தாள். சிவப்பு வரிசை இந்தத் தடவை ஏணி எடுத்து வரவில்லை. திறந்து கிடக்கும் வீட்டுக்கு ஏணி எதற்கு?

உடைப்பில் நின்றவர்கள் நின்றார்கள். ரூப்சரிக்கு அது ஒன்றுதான் கண்ணில் தெரிந்தது. நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் இன்று காலூன்றி நின்றார்கள். கிட்டே வரட்டும் என்று விட்டு, துப்பாக்கியை ஒரு தடவை வெடித்துவிட்டு, குக்ரியோடு இடிபாட்டின்மேல் ஏறினார்கள். சிவப்புச் சட்டைகளும் ஏறின. துரை ஒருத்தர் தொப்பி போய், நெற்றியில் ரத்தம் வழிய, கத்தியை ஆட்டித் தன் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டே எல்லாருக்கும் முன்னால் வந்தார். உடைப்பின் உச்சியில் விழுந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் அவர் விழுந்த இடத்திலேயே கால் வைத்து ஏறினார். இரண்டு பக்கமும் வீரம் சம எடையாக நின்றது. ரூப்சரி கல்லைத் தள்ளிக்கொண்டே அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது கர்ணே விழுந்தான். துப்பாக்கி முனை ஈட்டி தோளில் பாய்ந்து, இடிபாட்டில் வெளிப்பக்கமாகச் சரிந்து, சிவப்புச் சட்டைகளின் காலடிக்கே போய்விட்டான். ரூப்சரி மதிலிலிருந்து குதித்தாள். ஆனால் தூரம் அதிகம், அவள் போய்ச் சேர முடியாது.

போய்ச் சேர்ந்தவர் பஹால் சிங். தொடையில் குண்டோடு, சொட்டுத் தண்ணீர் இறங்காத தொண்டையோடு, அந்த ஒல்லி மனுஷன் சறுக்கி இறங்கிக் கர்ணேயின் கையை எட்டிப் பிடித்தார். வெறுங்கையால் பிடித்தார். நிழல் பட்டாலே குளிக்கிறவர், ரத்தமும் சாம்பலும் அப்பிய அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்து மேலே இழுத்தார். இழுத்து உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பி நின்று குக்ரியை ஓங்கினார். அதற்குள் மூன்று ஈட்டிகள் வந்துவிட்டன.

மூன்றாம் தடவையும் சிவப்புச் சட்டைகள் இறங்கிப் போய்ச் சண்டை ஓய்ந்தபோது அவருக்கு இன்னும் உயிர் இருந்தது. ரூப்சரி தொட்டியின் அடியில் கிடந்த கடைசித் தண்ணீரை வழித்து எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"ஜமாதார் சாப், கொஞ்சம் வாயத் தொறங்க."

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை. வாயை மட்டும் இறுக மூடிக்கொண்டார். அப்படியே போய்விட்டார்.

தொட்டி காலி. நூறு பேர்கூட மிச்சமில்லை. அடுத்த நாள் பனி விலகும் நேரத்தில் சுபேதார் எல்லாரையும் கூப்பிட்டார். "இங்க இனி குடிக்க ஒண்ணுமில்ல. சுனைக்குப் போவோம்," என்றார். சந்தைக்குப் போவோம் என்று சொல்வதுபோல் சொன்னார்.

வாசலைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். ஓடவில்லை, ஒளியவில்லை. உருவிய குக்ரியோடு சுபேதார் முன்னால், பிள்ளைகளை முதுகில் கட்டிய பெண்கள் நடுவில், தோளில் கட்டோடு கர்ணேயும் மற்றவர்களும் பின்னால். கும்பினியின் காவல்காரர்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். இரண்டு மூன்று வெடித்தன, ஒருத்தர் விழுந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நடை கூடவுமில்லை குறையவுமில்லை. அப்புறம் ஒரு துரை கையை உயர்த்தினார். ஏன் உயர்த்தினார் என்று அவர்தான் சொல்ல வேண்டும். துப்பாக்கிகள் தாழ்ந்தன. சிவப்புச் சட்டைகள் இரண்டு பக்கமும் விலகி வழி விட்டன. அவர்கள் முகத்தை ரூப்சரி பக்கத்தில் பார்த்தாள். இரண்டாம் தடவை அவர்கள் ஏறி வந்தபோது மதில்மேல் தான் எப்படி வாயைப் பிளந்துகொண்டு நின்றாளோ, அப்படித்தான் அவர்களும் நின்றார்கள்.

சுனையில் குடித்தார்கள். மாடுபோல் குனிந்து குடித்தார்கள். ரூப்சரி பழக்கத்தில் கீழ்ப்பக்கம், வழிந்து ஓடும் இடத்துக்கு இறங்கினாள். கையில் அள்ளினாள். ஆனால் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. இறுக மூடிய அந்த வாய் கண்முன்னால் நின்றது. தாகத்தோடு போனவருக்குத் தண்ணீர் விடாமல் தான் எப்படிக் குடிப்பது?

மேலே ஏறித் தன்சராவிடம் போனாள். "அம்மா, ஜமாதார் சாப்புக்கு நீங்க தண்ணி விடுங்க. உங்க கையால விட்டாக் குடிப்பாரு."

தன்சரா ஈர முகத்தோடு அவளைப் பார்த்தாள். "என் கையும் உன் தொட்டியில முக்கின கைதான்டி," என்றாள். "இங்க நிக்கிற அத்தன கையும் அப்படித்தான். அந்த மனுஷனுக்குத் தண்ணி விட சுத்தமான கை ஒண்ணுகூட மிச்சமில்ல."

சுபேதார் கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றிப் பார்த்தார். தன் ஆட்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். அப்புறம் தன் கையைப் பார்த்தார்.

"அப்ப நீயே விடு," என்றார். "கடைசியா அவரு பிடிச்ச கை உன் வீட்டுக் கைதான்."

சுனையின் மேல் கல்லில், அவள் சாதியில் யாரும் கால் வைத்திராத இடத்தில், ரூப்சரி ஏறி நின்றாள். ஊற்று பொங்கும் வாயிலேயே இரண்டு கையும் நிறைய அள்ளித் தெற்கே பார்த்துத் திரும்பினாள். சுற்றிலும் கும்பினிப் படை.

"குடிங்க ஜமாதார் சாப்," என்றாள். "இது தொட்டித் தண்ணி இல்ல."

விரல்களைப் பிரித்தாள். தண்ணீர் முழுக்க இறங்கும்வரை நின்றாள். பிறகு குனிந்து அவளும் குடித்தாள்.